சொப்புச் சாமானா, சொம்புத் தண்ணீரா? பாவனை விளையாட்டும் நடைமுறைச் செயல்களும்: பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

தென்சென்னையில், இரண்டரை வயது முதல் ஆறு வயது வரையுள்ள குழந்தைகளோடு பல ஆண்டுகளாக வேலை செய்து வருகிறேன். சேர்க்கைக்கு வரும் பெற்றோர் வகுப்பறையைச் சுற்றிப் பார்த்துவிட்டு, பொம்மைகள் எங்கே என்றுதான் முதலில் கேட்பார்கள். ஒரு குழந்தை டபராவிலிருந்து டம்ளருக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருப்பதையும் இன்னொன்று வெள்ளரிக்காய் நறுக்கிக்கொண்டிருப்பதையும் கண்டு சிலர் முகம் மலரும், சிலர் முகம் சுருங்கும். அவர்கள் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளையும், நான் சொல்லிவந்த பதில்களையும் இங்கே எழுதியிருக்கிறேன்.

பாவனை விளையாட்டு என்று எதைச் சொல்கிறீர்கள்? நடைமுறைச் செயல் என்பது எது?

ஒரு பொருளை வேறொன்றாகவோ, தன்னை வேறொருவராகவோ வைத்துக்கொண்டு ஆடுவது பாவனை விளையாட்டு. மணலைச் சோறாக்கிச் சொப்பில் பரிமாறுவது, தலையணைக்கு ஊசி போடுவது, நாற்காலிகளை வரிசையாகப் போட்டு மாநகரப் பேருந்தாக்கி, கண்டக்டர் குரலில் ‘படியில நிக்காதீங்க’ என்று தம்பியை அதட்டுவது எல்லாம் இதில் சேரும். ஒன்றே கால், ஒன்றரை வயதில், வெறும் டம்ளரை வாயில் வைத்துக் குடிப்பது போலக் காட்டுவதில் இது தொடங்குகிறது. மூன்று வயதுக்கும் ஐந்து வயதுக்கும் இடையில் உச்சத்தில் இருக்கும்.

நடைமுறைச் செயல் என்பது, உண்மையான கருவியைக் கையில் எடுத்து, உண்மையாகவே ஒரு பயன் விளையும்படி வேலை செய்வது. வேலை முடியும்போது கீரை ஆய்ந்து முடிந்திருக்கும், அல்லது சிந்திய பால் துடைக்கப்பட்டிருக்கும். வகுப்பறையில் இவ்விரண்டுக்கும் நடுவே கோடு கிழிப்பது எளிதன்று. பச்சைப் பட்டாணியை உரித்துக்கொண்டிருந்த பெண் குழந்தை, பாதி வேலையில் தோலைப் படகாக்கி இரண்டு பட்டாணிகளைப் பயணிகளாக ஏற்றிவிட்டதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

மாண்டிசோரி அம்மையார் பாவனை விளையாட்டை வெறுத்தார் என்கிறார்களே, உண்மையா?

இந்தக் கேள்வி சென்னையில் கூடுதலாகக் கேட்கப்படுவதற்கு ஒரு காரணம் உண்டு. குழந்தைக் கல்வியில் தனி முறை ஒன்றை வகுத்த இத்தாலியரான மரியா மாண்டிசோரி 1939-ஆம் ஆண்டு பிரம்மஞான சபையின் (தியசாபிகல் சொசைட்டி) அழைப்பின் பேரில் அடையாறுக்கு வந்து, அந்த நவம்பரில் சுமார் 300 பேருக்கு முதல் பயிற்சி வகுப்பை நடத்தினார். 1940 ஜூனில் இத்தாலி போரில் இறங்கியதும், இத்தாலியர் என்பதற்காக அவருடைய மகன் மரியோவைப் பிரிட்டிஷ் அரசு காவலில் வைத்தது. அம்மையாரைச் சபையின் அடையாறு வளாகத்துக்குள்ளேயே இருக்கச் சொன்னது. சில மாதங்களுக்கென்று வந்தவர் 1946 வரை இந்தியாவில் தங்க நேர்ந்தது. அவரிடம் பயின்றவர்கள் இங்கேயே பள்ளிகள் நடத்தியதால், அவருடைய கருத்துகள் இந்த ஊரில் நேரடியாகவும், சில நேரம் திரிந்தும் பரவின.

‘வெறுத்தார்’ என்பது திரிந்த வடிவம். 1907 ஜனவரி 6-இல் ரோம் நகரின் சான் லொரென்சோ என்ற ஏழைக் குடியிருப்பில் அவர் தொடங்கிய முதல் குழந்தைகள் இல்லத்தில் அழகான பொம்மைகள் இருந்தன. பொம்மைச் சமையலறை கூட இருந்தது. அதில் எப்படி விளையாடுவது என்று அவரே குழந்தைகளுக்குக் காட்டியிருக்கிறார். சிறிது நேரம் பார்த்துவிட்டு அவர்கள் வேறு வேலைக்குப் போய்விட்டார்கள். தாமாகப் போய் அந்தப் பொம்மைகளை எடுக்கவில்லை. கொள்கையை முதலில் வகுத்துக்கொண்டு அவர் பொம்மைகளை அகற்றிவிடவில்லை. குழந்தைகள் எதைத் தொடவில்லை என்று பார்த்த பிறகே ஒதுக்கினார். ஆனால் பின்னாளில் அவர் எழுதியவற்றில் ஒரு கடுமை உண்டு என்பதையும் மறைக்க விரும்பவில்லை. குச்சியைக் கால்களுக்கிடையே வைத்துக் குதிரை ஓட்டும் சிறுவனைக் காட்டி, இது கற்பனை வளத்துக்குச் சான்று ஆகாது, நிறைவேறாத ஆசையின் அடையாளம் என்று அவர் வாதிட்டார். உண்மையான மட்டக்குதிரை கிடைத்திருந்தால் அவன் குச்சியை நாடியிருக்க மாட்டான் என்பது அவர் எண்ணம்.

அதே குச்சிக் குதிரையை மற்றவர்கள் வேறு விதமாகப் பார்க்கவில்லையா?

பார்த்தார்கள். ரஷ்ய உளவியலாளர் லெவ் வைகோட்ஸ்கி 1933-இல் விளையாட்டைப் பற்றி ஆற்றிய உரையிலும் குச்சிக் குதிரை வருகிறது. இருவரும் ஒரே இடத்திலிருந்துதான் புறப்படுகிறார்கள் என்பது என்னை வியக்க வைத்த செய்தி. உடனே நிறைவேற முடியாத ஆசையிலிருந்துதான் பாவனை பிறக்கிறது என்று வைகோட்ஸ்கியும் சொல்கிறார். குதிரை ஏற வேண்டும், ஆனால் முடியாது. அப்போது குச்சி வருகிறது. ஆசை நிறைவேறவில்லையே என்ற இடத்தில் மாண்டிசோரி நின்றுவிட, அந்த நிறைவேறாமையிலிருந்து குழந்தையின் மனம் எதைச் செய்துகொள்கிறது என்று வைகோட்ஸ்கி மேலே கேட்டார்.

அவருடைய விடை இது: குழந்தை முதல்முறையாகப் ‘குதிரை’ என்ற சொல்லின் அர்த்தத்தை உண்மையான குதிரையிலிருந்து கழற்றி எடுக்கிறது. கழற்றுவதற்கு அதற்கு ஒரு பிடிமானம் வேண்டும். அந்தப் பிடிமானம்தான் குச்சி. எதை வேண்டுமானாலும் குதிரையாக்கிவிட முடியாது என்பதையும் அவர் கவனித்தார். குச்சியின் மேல் ஏறலாம், ஓர் அஞ்சலட்டையின் மேல் ஏற முடியாது. பாவனையில் விதி இருக்கிறது என்பது அவர் சொன்ன இன்னொரு செய்தி. அப்பா அம்மா விளையாட்டைச் சற்றுத் தள்ளி நின்று கேட்டால் இது விளங்கும். ‘அம்மா அழ மாட்டாங்க, நீ பாப்பாவா இருந்தாத்தான் அழலாம்’ என்று ஒரு நான்கு வயதுக்காரி தோழியைத் திருத்துவாள். அழுகையை அடக்கச் சொல்லி நாம் நூறு முறை சொல்லியும் கேட்காத பிள்ளை, ‘அம்மா’வாக இருக்கும் அந்தப் பத்து நிமிடம் அடக்கிக்கொள்கிறது.

நம் பழைய கவிஞர்களுக்கும் இதில் ஒரு கண் இருந்தது என்று தோன்றுகிறது. பிள்ளைத்தமிழில் ‘சிற்றில்’ என்றே ஒரு பருவம் வைத்து, மணல் வீட்டைச் சிதைக்காதே என்று சிறுமியர் கெஞ்சுவதைப் பாடினார்கள். அந்த மணல் வீடு அவர்களுக்கு வீடுதான்.

ஆய்வுகள் என்ன சொல்கின்றன?

பாவனை விளையாட்டு இருந்தால்தான் மொழியும் படைப்பாற்றலும் சமூக அறிவும் வளரும் என்று பொம்மைப் பெட்டிகளின் அட்டையில் எழுதியிருப்பதைப் போல அவ்வளவு உறுதியாகச் சொல்ல முடியாது. அமெரிக்காவின் வர்ஜீனியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஏஞ்சலின் லில்லார்டும் அவருடைய குழுவினரும், அதுவரை வெளிவந்த ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்து 2013-இல் ஒரு நீண்ட கட்டுரை வெளியிட்டார்கள். பாவனை விளையாட்டே வளர்ச்சிக்குத் தனிப்பெரும் காரணம் என்று காட்டும் அளவுக்குச் சான்றுகள் வலுவாக இல்லை என்பது அதன் முடிவு. பல வழிகளில் ஒன்றாக அது உதவலாம், அல்லது வேறு ஒரு காரணத்தின் உடன்விளைவாக அது இருக்கலாம். மொழி, கதை சொல்லும் திறன் போன்ற சில துறைகளில் கதவு திறந்தே இருக்கிறது. லில்லார்ட் மாண்டிசோரி முறையையும் நெடுங்காலமாக ஆராய்ந்து வருபவர் என்பதைப் படிப்பவர்கள் நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

பெற்றோருக்கு நான் அடிக்கடி எடுத்துச் சொல்வது அதே குழுவினர் 2018-இல் வெளியிட்ட மற்றோர் ஆய்வை. மூன்று முதல் ஆறு வயது வரையுள்ள 100 அமெரிக்கக் குழந்தைகளிடம், காய் நறுக்குவது போன்ற ஒன்பது செயல்களை உண்மையாகச் செய்யப் பிடிக்குமா, பாவனையாகச் செய்யப் பிடிக்குமா என்று கேட்டார்கள். பெரும்பாலோர் உண்மையையே தேர்ந்தார்கள். மூன்று வயதிலிருந்து நான்கு வயதுக்குள் இந்த விருப்பம் கூடி, பிறகு ஆறு வயது வரை அப்படியே நின்றது. பாவனையைத் தேர்ந்த குழந்தைகள் பலர் சொன்ன காரணம்தான் கவனிக்க வேண்டியது: பயமாக இருக்கிறது, எனக்குத் தெரியாது, என்னை விட மாட்டார்கள். நடுத்தர வர்க்க அமெரிக்கக் குடும்பங்களில் எடுத்த ஆய்வு இது. அப்படியே நம் வீட்டுக்குப் பொருத்திவிடக் கூடாது. ஆனாலும் ‘என்னை விட மாட்டார்கள்’ என்ற சொல்லை நம் அடுக்குமாடிக் குடியிருப்புச் சமையலறைகளின் வாசலில் நின்று நினைத்துப் பாருங்கள்.

அப்படியானால் பிளாஸ்டிக் கிச்சன் செட் வாங்கலாமா, வேண்டாமா?

கேட்பது என்னிடம் என்பதால் சொல்கிறேன், வாங்க வேண்டாம். அதே பணத்தில் ரத்தன் பஜாரில் சிறிய எவர்சில்வர் சொம்பு, இரண்டு குட்டி டம்ளர், குழந்தையின் கைக்கு அடங்கும் சப்பாத்திக் கட்டை வாங்கிவிடலாம். பாவனை விளையாட்டுக்கு நாம் கடைக்குப் போக வேண்டியதில்லை. துப்பட்டாவும் அட்டைப் பெட்டியும் கிடைத்தால் குழந்தை தானே அதைச் செய்துகொள்ளும். நடைமுறைச் செயலோ பெரியவர் ஒருவர் இடம் ஒதுக்கி, பொருளைக் கைக்கெட்டும் உயரத்தில் வைத்து, பொறுமையாக உட்கார்ந்து காட்டினால் ஒழியக் குழந்தைக்குக் கிடைக்காது. ஆகையால் நம் பணமும் நேரமும் அங்கே போகட்டும் என்பேன். பாட்டி வீட்டுப் பரணில் மரச்சொப்பு இருந்தால் அதைக் கொடுத்துவிட்டு அந்தப் பக்கம் போகாமல் இருங்கள்.

வீட்டில் எந்த வயதில் என்னென்ன செய்ய விடலாம்?

இரண்டரை வயதில் கைக்குட்டை மடிப்பது, செருப்பை ஜோடி சேர்த்து வைப்பது, தட்டில் வைத்த இரண்டு டம்ளர்களுக்கிடையே தண்ணீரை மாற்றி ஊற்றுவது போன்றவை போதும். மூன்று வயதில் முருங்கைக்கீரையைக் காம்பிலிருந்து உருவலாம், கூர்மையில்லாத கத்தியால் வாழைப்பழத்தை வட்டமாக நறுக்கலாம், துளசிச் செடிக்குத் தண்ணீர் விடலாம். நான்கு வயதில் வேகவைத்து ஆறிய உருளைக்கிழங்கைத் தோலுரிக்கலாம், எலுமிச்சை பிழியலாம், சப்பாத்தி தேய்க்கலாம். வட்டமாக வராது, வர வேண்டியதும் இல்லை. ஐந்து வயதில் ஆழாக்கால் அரிசி அளந்து களைய முடியும். சிறு மத்தால் மோர் கடைய முடியும். சில குழந்தைகள் கனகாம்பரம் தொடுக்கக் கூடக் கற்றுக்கொண்டுவிடுகின்றன. தயிர் கடையும்போது வெண்ணெய் திரண்டு வருவதைப் பார்த்த குழந்தையின் முகத்தை எந்த விளையாட்டுச் சாமானும் வரவழைத்து நான் பார்த்ததில்லை.

அடுப்பு, குக்கர், மிக்ஸி மூன்றும் இந்தப் பட்டியலுக்கு வெளியே இருக்கட்டும். நிலக்கடலை, கொண்டைக்கடலை, பச்சைப் பட்டாணி போன்ற சிறிய கெட்டிப் பொருள்கள் மூச்சுக்குழாயை அடைக்கக்கூடியவை. மூக்கில் போட்டுக்கொள்ளும் குழந்தைகளும் உண்டு. மூன்று வயதுக்கு உட்பட்டவர்களிடம் இவற்றைக் கொடுக்கவே கொடுக்காதீர்கள். அதற்கு மேற்பட்டவர்களிடமும் பக்கத்தில் ஒருவர் இருக்கும்போது மட்டும் கொடுங்கள்.

காட்டும் முறையில் ஒரு சிறு நுணுக்கம் இருக்கிறது. குழந்தையின் பக்கத்தில் உட்கார்ந்து, வாய் திறக்காமல், வழக்கத்தைவிட இரண்டு மடங்கு மெதுவாகச் செய்து காட்டுங்கள். பேசிக்கொண்டே காட்டினால் குழந்தை உங்கள் வாயைப் பார்க்குமே தவிரக் கையைப் பார்க்காது. பிறகு விலகிவிடுங்கள். அவள் மடித்த துண்டை அவள் கண்ணெதிரே பிரித்து நீங்கள் மறுபடி மடித்தால், மறுநாள் அவள் துண்டைத் தொட மாட்டாள். பாட்டிமார்களிடம் இதைச் சொல்லிப் புரியவைப்பதுதான் எனக்கு எப்போதும் கடினமாக இருந்திருக்கிறது. ‘கொழந்தைக்கு என்ன தெரியும், நான் பண்ணிடறேன் விடு’ என்பது அவர்கள் அன்பின் மொழி.

தண்ணீர் வீணாகுமே?

ஆகாது, அளந்து கொடுத்தால். 2019 ஜூனில் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஏரிகள் ஏறக்குறைய வறண்டு, லாரித் தண்ணீருக்கு நகரமே வரிசையில் நின்றபோது, நாங்கள் ஊற்றும் பயிற்சியை நிறுத்தவில்லை. அரை டம்ளர் தண்ணீரையே ஒரு காலை முழுவதும் பயன்படுத்தி, கடைசியில் செடிக்கு விட்டோம். சிந்தினால் துடைக்க ஒரு துணி தட்டிலேயே இருக்க வேண்டும். துடைப்பதும் அந்த வேலையின் பகுதி. சில குழந்தைகள் துடைப்பதற்காகவே சிந்துவதும் உண்டு. கண்ணாடிக் குவளை உடையும் என்பதால்தான் குழந்தை கவனமாகப் பிடிக்கிறது என்று மாண்டிசோரி பள்ளிகளில் சொல்வார்கள். அது சரிதான், ஆனால் எவர்சில்வர் டம்ளர் தரையில் விழும் ஓசையும் போதுமான பாடம் என்பது என் அனுபவம்.

வேலைக்கு ஆள் வைத்திருக்கிறோம். நம் பிள்ளை, அதிலும் பையன், ஏன் துடைக்க வேண்டும்?

இந்தக் கேள்வியைப் பெரும்பாலும் தணிந்த குரலில், மற்றவர் கேட்காதபோது கேட்பார்கள். மூன்று வயதுப் பையனுக்குத் தரை துடைப்பது தாழ்ந்த வேலை என்று தெரியாது. அவனுக்கு அது முழங்கையும் தோளும் இடுப்பும் ஒன்றாகச் சேர்ந்து இயங்க வேண்டிய, செய்து முடித்தால் ஈரம் மறைந்துபோகிற ஓர் அருமையான வேலை. அது தாழ்ந்தது என்று அவனுக்கு ஒருவர் சொல்லித்தர வேண்டியிருக்கிறது. அதை நாம் சொல்லித்தராமல் இருக்கலாம். இதற்கு மேல் நீளமாகச் சொல்ல எனக்கு விருப்பம் இல்லை.

இதெல்லாம் வசதியானவர்கள் படிக்கும் பள்ளிகளுக்குத்தானே?

சான் லொரென்சோவின் குழந்தைகள், பகலெல்லாம் வேலைக்குப் போய்விடும் ஏழைப் பெற்றோரின் குழந்தைகள். சென்னையிலேயே 2003-இல் 13 மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கிய செயல்வழிக் கற்றல், பாய் விரித்துத் தரையில் உட்காரும் குழந்தைகளுக்கென்று சுவரின் அடியில் தாழ்வான கரும்பலகைகளை அமைத்து, அட்டைகளைத் தாமே எடுத்துப் படிக்க வைத்தது. சில ஆண்டுகளில் மாநிலம் முழுவதும் அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு அது பரவியது. அந்தத் திட்டத்தின் நிறைகுறைகள் வேறு பேச்சு. முருங்கைக்கீரை உருவுவதற்குக் கட்டணம் இல்லை என்பது மட்டும் உறுதி. கட்டணத்தை உயர்த்துவதற்காகப் பெயர்ப்பலகையில் ‘மாண்டிசோரி’ என்று எழுதிக்கொண்டு, உள்ளே மூன்று வயதுக் குழந்தைகளை பெஞ்சில் உட்காரவைக்கும் இடங்களும் இந்த நகரத்தில் உண்டு. சேர்ப்பதற்கு முன் காலை பத்து மணிக்குப் போய் வகுப்பைப் பாருங்கள்.

எழுதக் கற்பதற்கு இரண்டில் எது உதவும்?

இரண்டும், வெவ்வேறு வழியில். பூண்டு உரிப்பதும் பொத்தான் போடுவதும் கோலப்பொடியைக் கிள்ளி எடுப்பதும் கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மூன்றையும் ஒன்றாக இயங்கப் பழக்குகின்றன. பென்சிலைப் பிடிப்பதும் இதே மூன்று விரல்களால்தான். விரல்கள் பழகாத குழந்தையிடம் நான்கு கோடு நோட்டைக் கொடுத்து ‘ஆ’ எழுதச் சொன்னால், அந்தச் சுழியில் மணிக்கட்டு வலித்து எழுத்தையே வெறுத்துவிடும்.

ஆனால் விரல் மட்டும் போதாது. ‘அ’ என்ற வளைகோடு ஓர் ஒலிக்குப் பதிலாக நிற்கிறது என்று குழந்தைக்கு விளங்க வேண்டும். ஒன்றுக்குப் பதிலாக இன்னொன்று நிற்க முடியும் என்பதைக் குச்சியும் குதிரையும்தான் முதலில் பழக்கியிருக்கின்றன. எழுத்தின் வேர் விளையாட்டில் இருக்கிறது என்று வைகோட்ஸ்கி சொன்னது இதனால்தான். பாவனைக்கு நேரமே தராமல் நாள் முழுவதும் ‘உபயோகமான’ வேலையாகவே நிரப்பும் பெற்றோரிடம் நான் இதைச் சொல்வேன். இன்று அப்படிப்பட்டவர்கள் கூடிவருகிறார்கள்.

பாவனை விளையாட்டில் நாங்களும் சேர்ந்துகொள்ள வேண்டுமா?

கூப்பிட்டால் போங்கள். காபி கொடுத்தால் குடித்துவிட்டு, சர்க்கரை கொஞ்சம் தூக்கல் என்று சொல்லுங்கள். கடை விளையாட்டில் ‘ஐந்தும் மூன்றும் எவ்வளவு, சொல்லு’ என்று கணக்குக் கேட்கத் தொடங்கினால் கடைக்காரர் கடையைச் சாத்திவிடுவார்.

என் குழந்தைக்கு இரண்டு வயது ஆகிவிட்டது, பாவனை விளையாட்டே இல்லை. கவலைப்பட வேண்டுமா?

இது மட்டும் இருந்தால் பதற்றம் வேண்டாம்; சில குழந்தைகள் பொருள்களைப் பிரித்துப் பார்ப்பதிலேயே நாளைக் கழிக்கின்றன. ஆனால் பதினாறு மாதம் முதல் முப்பது மாதம் வரையுள்ள குழந்தைகளுக்கு ஆட்டிசம் வாய்ப்பை ஆரம்பத்திலேயே அறிய உலகெங்கும் பயன்படும் கேள்விப் பட்டியலில், பாவனை விளையாட்டைப் பற்றியும் ஒரு கேள்வி இருக்கிறது. பெயர் சொல்லி அழைத்தால் திரும்பாமை, வேண்டியதை விரலால் சுட்டிக் காட்டாமை, கண்ணைப் பார்க்காமை ஆகியவையும் கூட இருந்தால், பள்ளியில் சேர்த்தால் சரியாகிவிடும் என்று காத்திருக்காமல் குழந்தை நல மருத்துவரிடம் காட்டுங்கள். கிழக்குக் கடற்கரைச் சாலையில் முட்டுக்காட்டில் உள்ள, பல்வகைக் குறைபாடுடையோருக்கான தேசிய நிறுவனத்தில் ஆரம்பநிலைப் பயிற்சி வசதி இருக்கிறது. நடைமுறைச் செயல்கள் இத்தகைய குழந்தைகளில் பலருக்கு உலகத்தோடு இணையும் முதல் வழியாக அமைவதை நான் பார்த்திருக்கிறேன். அது மருத்துவ மதிப்பீட்டுக்கு மாற்று ஆகாது.

நவராத்திரிக்கு வீட்டில் கொலு வைக்கிறோம். குழந்தையை எதில் ஈடுபடுத்தலாம்?

கொலுவில் வைக்கும் செட்டியார் பொம்மைகளின் கடையில். அந்தப் பொம்மைகளின் முன் சிறு கிண்ணங்களில் வைப்பது உண்மையான அரிசி, உண்மையான துவரம்பருப்பு, உண்மையான வெல்லம். ஆனால் கடை பாவனை, செட்டியார் மண். கிண்ணங்களை நிரப்பும் வேலையைக் குழந்தையிடம் விட்டுவிட்டு, சிந்தியதைப் பொறுக்க ஒரு சிறு முறத்தையும் பக்கத்தில் வையுங்கள். அவள் சரக்கை நிரப்பிக்கொண்டே செட்டியாரிடம் விலை கேட்பாள். அவர் சொல்லும் விலையையும் அவளே வேறு குரலில் சொல்வாள். மறுநாள் சுண்டலுக்குக் கொண்டைக்கடலை முந்திய இரவே ஊற வேண்டும். நான்கு வயதுக்கு மேற்பட்டவளாக இருந்தால், நீங்கள் பக்கத்தில் இருக்கும்போது, ஆழாக்கால் அளந்து பாத்திரத்தில் போட்டு, மூழ்கும் அளவுக்குத் தண்ணீர் விடும் பொறுப்பை அவளிடம் கொடுங்கள். காலையில் எழுந்ததும் கடலை எவ்வளவு உப்பியிருக்கிறது என்று பார்க்க, உங்களுக்கு முன்னால் அவள் சமையலறையில் இருப்பாள்.